வலையில் ஏறிய பானை உதிர்கிறது, என்ன செய்வது?

அலைவாய்க்கரையான்:
பூம்புகாருக்குக் கிழக்கே மாமாவின் வலையில் கழுத்துடைந்த பானை ஒன்று ஏறியது. அத்தை தேய்த்துக் கழுவி மாடி வெயிலில் வைத்தார். மூன்றாம் நாளே வெள்ளையாகப் பூத்து, செதில் செதிலாக உதிர்கிறது. எண்ணெய் தடவலாமா?

பழஞ்சுவடு:
ஐயோ, எண்ணெய் வேண்டாம் தம்பி! பானையின் மண்ணுக்குள் ஊறிய கடல் உப்பு, காயும்போது படிகமாகிப் பரப்பைப் பிளக்கிறது. உடனே நிழலுக்குக் கொண்டுபோய், வாளியில் நல்ல தண்ணீர் ஊற்றி மூழ்க வைக்கவும். தண்ணீரை அடிக்கடி மாற்றவும். ஒட்டிய சிப்பியைச் சுரண்ட வேண்டாம். தொல்லியல் துறைக்குத் தகவல் சொல்லுங்கள். வலை விழுந்த இடத்தை மாமா குறித்து வைத்தாரா? எனக்குப் பானையைவிட அதுதான் முக்கியம். கடலடித் தொல்பொருள்களைக் காப்பது பற்றிய யுனெஸ்கோவின் 2001 உடன்படிக்கையும், கிடந்த இடத்திலேயே காப்பதைத்தான் முதலில் பரிசீலிக்கச் சொல்கிறது.

நெய்தல்:
இலங்கையின் கொடவாயவில், சுமார் 30 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் 2,000 ஆண்டுப் பழைய கப்பலையும் முதலில் கண்டவர்கள் உள்ளூர் மீனவர்கள்தான். மாமாவைச் சாதாரணமாக நினைக்காதீர்கள்.

அலைவாய்க்கரையான்:
வாளியில் போட்டுவிட்டேன் அண்ணா. இடம் ஜிபிஎஸ் கருவியில் இருக்கிறதாம். அத்தைதான் வாளியைத் திருப்பிக் கேட்கிறார்.