குரோம் தொட்டியில் சல்பேட் கூடிவிட்டது, குரோமிக் அமிலம் போட்டால் சரியாகுமா?

ஹேண்டில்பார்:
சைக்கிள் ஹேண்டில்பாருக்கு குரோம் போடுகிறோம், 400 லிட்டர் தொட்டி. கொஞ்ச நாளாக வளைவின் உட்பக்கம் குரோம் ஏறாமல் அடியிலுள்ள நிக்கல் பூச்சு மஞ்சளாகத் தெரிகிறது. கரண்டைக் கூட்டினால் முனைகள் சாம்பல் நிறமாகக் கருகுகின்றன. லேப் ரிப்போர்ட்டில் குரோமிக் அமிலம் லிட்டருக்கு 240 கிராம், சல்பேட் 3.2 கிராம். குரோமிக் அமிலம் இன்னும் போட்டால் போதும் என்கிறார் சரக்கு விற்பவர். போடலாமா?

ஈயத்தகடு:
தம்பி, அமிலத்துக்கும் சல்பேட்டுக்கும் உள்ள விகிதத்தைப் பாருங்கள், 240-ஐ 3.2-ஆல் வகுத்தால் 75. வேண்டியது 100 வாக்கில். சல்பேட் இல்லாமல் குரோம் படியவே படியாது. அளவு மீறினாலோ கரண்ட் குறைவாகப் போகும் குழிகளில் ஏறாது. உங்களுக்கு நடப்பது இதுதான்.

விகிதத்தை அமிலத்தால் மட்டும் சரிக்கட்ட லிட்டருக்கு 320 கிராமுக்குக் கொண்டுபோக வேண்டும். அதாவது 32 கிலோ. அவருக்கு நல்ல வியாபாரம்! உங்களுக்கோ ஒவ்வொரு ஜாபிலும் அந்தக் கெட்டிக் கரைசல் ஒட்டிக்கொண்டு கழுவுநீருக்குப் போகும்.

பேரியம் கார்பனேட் போடுங்கள். ஒரு கிராம் சல்பேட்டை எடுக்க இரண்டு கிராமுக்குச் சற்று மேல் பிடிக்கும். கூடுதல் சல்பேட் லிட்டருக்கு 0.8 கிராம், தொட்டிக்கு 320 கிராம். ஆக சுமார் 650 கிராம் பவுடர். முழுவதையும் ஒரேயடியாகக் கொட்டாதீர்கள். தண்ணீரில் கூழாகக் கரைத்து, பாதியை மட்டும் மெதுவாக ஊற்றிக் கலக்குங்கள். கார்பன் டை ஆக்சைடு நுரைத்து வரும். பேரியம் சல்பேட் அடியில் படிந்தபின் திரும்ப டெஸ்ட் செய்து மீதியைப் போடுங்கள். அளவு தாண்டி சல்பேட் இறங்கிவிட்டால் வானவில் கறை வரும், அது வேறு தலைவலி.

ஹேண்டில்பார்:
நன்றி அண்ணே. திங்கட்கிழமை பார்த்தால் ஆனோடெல்லாம் (பாசிட்டிவ் பக்க ஈயத்தகடுகள்) மஞ்சளாக இருக்கிறது. அதுவும் இதனால்தானா?

ஈயத்தகடு:
இல்லை, அது ஞாயிறு லீவு. சும்மா நிற்கும் தொட்டியில் ஈயத்தின்மேல் லெட் குரோமேட் படியும். கரண்ட் சரியாகப் பாயாது. தேய்த்துக் கழுவி, ஜாபுக்குப் பதில் டம்மி தகடு போட்டு நல்ல கரண்டில் ஓட்டுங்கள். சாக்லேட் நிறம் வரவேண்டும். அந்த லெட் டை ஆக்சைடு படலம்தான் கரைசலில் உண்டாகும் மூன்று மதிப்புள்ள குரோமியத்தை மறுபடி குரோமிக் அமிலத்திலுள்ள ஆறு மதிப்புள்ளதாக மாற்றுகிறது. ஆனோடு மஞ்சளாகவே ஓடினால் மூன்று மதிப்புள்ளது சேர்ந்து கரைசல் கறுக்கும், வோல்டேஜ் ஏறும்.

ஹல்செல்:
தொட்டியில் கை வைக்கும் முன் 267 மில்லி ஹல் செல்லில் (கரைசலைச் சோதிக்கும் சின்னத் தொட்டி) 0.44 கிராம் பேரியம் கார்பனேட் போட்டுப் பாருங்கள். அதில் பூசிய சோதனைத் தகட்டில் மஞ்சள் குறையாவிட்டால் கோளாறு நிக்கலில் இருக்கலாம். பேரியம் கார்பனேட் விஷம், மாஸ்க் போடுங்கள். அடியில் படிந்த சேற்றில் குரோமேட்டும் இருக்கும், சாக்கடையில் விட்டுவிடாதீர்கள்.