இடக்கதவா, வலக்கதவா? பூட்டு வாங்கும் முன் ஒரு சந்தேகம்

எல்லோருக்கும் வணக்கம். முன்கதவுக்கு மார்ட்டைஸ் பூட்டும் (கதவு விளிம்புக்குள் பதிக்கும் பூட்டு) லீவர் கைப்பிடியும் (கீழே அழுத்தித் திறப்பது) புதிதாக வாங்கணும். வராந்தாவில் நின்று பார்த்தால் கீல் இடது பக்கம். தள்ளினால் கதவு உள்ளே போகும். தேக்குக் கதவு, 35 மி.மீ. கனம். பழைய பூட்டில் கதவு விளிம்பிலிருந்து சாவித் துளை நடு வரை 60 மி.மீ.

குழப்பம் இது இடக்கதவா, வலக்கதவா என்பதில்தான். அமெரிக்க முறையில் வெளியே நின்று பார்க்கணும். கீல் இடது, கதவு உள்ளே போகிறது, அதனால் இது இடக்கதவு. ஜெர்மானியத் தர முறையான டின் (DIN) முறையில் கதவு நம்மை நோக்கித் திறக்கும் பக்கம் நின்று பார்க்கணும். எங்களுக்கு அது ஹால் பக்கம். அங்கிருந்து கீல் வலது, ஆக அதே கதவு வலக்கதவு! ஆன்லைனில் விற்பவர்கள் 'இடது', 'வலது' என்று மட்டும் போடுகிறார்கள், எந்த முறை என்று சொல்வதே இல்லை. கடைக்காரரோ "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்கிறார்.

உள்ளே திறக்கும் கதவுக்குப் பூட்டு நாக்கின் சரிவு வெளிப்பக்கம் பார்க்கணும், இல்லையென்றால் சாத்தும்போது நிலையில் இடிக்கும். சில பூட்டுகளில் நாக்கை வெளியே இழுத்துத் திருப்பிப் போடலாம் என்கிறார்கள். செய்து பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? பூட்டைப் பிரிக்காமல் முடியுமா? லீவர் கைப்பிடியையும் அப்படிப் பக்கம் மாற்ற முடியுமா?

இன்னொன்று: வெளியே கிரில் கதவு வராந்தா பக்கம் திறக்கும், கீல் அதே இடதில். அதற்கு எதைக் கேட்டு வாங்குவது? ஆசாரி ஞாயிறு வருகிறார், அதற்குள் சொன்னால் நல்லது.