டாக், டாக்கபிள், டிடாச்: கிம்ப் 3.0-க்குக் 'கொளுவு' என்று வைக்கலாமா?

அனைவருக்கும் வணக்கம். படங்களைத் திருத்தும் கட்டற்ற மென்பொருளான கிம்ப்பின் திரைச் சொற்களைத் தமிழாக்கும் வேலையில்தான் இந்தப் பேச்சு. அதில் கருவிகள் இருக்கும் சிறு பலகங்களைச் சேர்த்து வைக்கும் இடம் 'டாக்', அப்படிச் சேர்க்கக்கூடியது 'டாக்கபிள்', பிரித்தெடுப்பது 'டிடாச்'.

ஐயா முந்தைய மடலில் எழுதியிருந்தார்:

> 'டாக்' என்பதற்குத் 'துறை' என்றே வைக்கலாம். படகுத்துறை, துறைமுகம் என்று பழகிய சொல்தானே.

பெயர்ச்சொல்லாக மட்டும் பார்த்தால் ஐயா சொல்வது பொருந்துகிறது. வினைக்குப் போகும்போதுதான் இடிக்கிறது. துறையிலிருந்து வினை எடுக்கப் போனால் 'துற' குறுக்கே வந்து நிற்கும். 'துறந்த பலகம்' என்றால் விட்டு விலகிய பலகம். நாம் சொல்ல வந்ததற்கு நேர் எதிர்.

இந்த ஒரு சொல்லுக்கு இத்தனை மடல்களா என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் நினைக்கலாம். கிம்ப்பின் முகம் மாறிய கதையே இந்தச் சொல்லில்தான் இருக்கிறது. 1996-ல் வெளிவந்த மென்பொருள் அது. கருவிப்பெட்டி ஒரு சாளரம், அடுக்குகள் ஒரு சாளரம், படம் இன்னொரு சாளரம் என்று மேசையெங்கும் சிதறிக் கிடக்கும். 2012-ல் 2.8 பதிப்பு வந்தபோதுதான் எல்லாவற்றையும் ஒரே சாளரத்துக்குள் வைக்கும் வசதி கிடைத்தது. 2018-ன் 2.10-ல் அதுவே இயல்பு அமைப்பானது. சாளரம், பொத்தான் போன்றவற்றைத் திரையில் வரையக் கிம்ப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு ஜிடிகே. அந்தப் பெயரே 'கிம்ப் டூல்கிட்' என்பதிலிருந்து வந்தது. ஆனால் 2011-ல் வெளியான ஜிடிகே 3-க்குக் கிம்ப் வந்து சேர 2025 மார்ச் ஆகிவிட்டது. அதற்குள் ஜிடிகே 4 வந்தே நான்கு ஆண்டு கடந்திருந்தது. தன்னார்வலர் சிலர் இத்தனை காலம் விடாமல் இழுத்துக் கரை சேர்த்த வேலை அது. அதன் தமிழ் முகம் அரைகுறையாக இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஒரே சாளரமான பிறகு பயனர் அடிக்கடி செய்வது, பலகத்தைக் கழற்றுவதும் திரும்பச் சேர்ப்பதும்தான். எங்கள் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, அடுக்குகள் கீற்றை, அதாவது லேயர் 'டேப்'பை, தெரியாமல் இழுத்துவிட்டாள். அது தனிச் சாளரமாக வந்து படத்தை மறைத்துக்கொண்டு நின்றது. தலைப்புப் பட்டையைப் பிடித்து வலப்பக்கம் இழுத்துப் பார்த்தாள், நாலைந்து தடவை. சாளரம் நகர்ந்ததே தவிர ஒட்டவில்லை. தலைப்புப் பட்டையை விட்டுவிட்டு, உள்ளே இருக்கும் கீற்றைப் பிடித்து இழுக்க வேண்டும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? "அண்ணா, லேயர் கழண்டு வந்துடுச்சு, திரும்ப எப்படி மாட்டுறது?" என்றாள்.

கழற்று, மாட்டு. நாம் இரண்டு வாரமாகத் தேடியதை அவள் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். டிடாச் என்பதற்குக் 'கழற்று' என்பதில் இனி எனக்கு ஐயமே இல்லை.

'மாட்டு' என்பதையும் அப்படியே வைத்துக்கொள்ளத்தான் ஆசைப்பட்டேன். பெயரடையாக்கினால் 'மாட்டுப் பலகம்' என்று வருகிறது, மாட்டு வண்டிதான் நினைவுக்கு வரும். 'பலகம் மாட்டிக்கொண்டது' என்றால் சிக்கி நின்றுவிட்டது என்று பொருள். 'அணை' அழகான சொல், படகு கரை அணைவதைப் போல. ஆனால் திரையில் 'அணை' என்று பார்த்தால் எவரும் நிறுத்து என்றே படிப்பார்கள். ஒட்டு, இணை, செருகு மூன்றும் ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கின்றன. நங்கூரமும் ஆகாது, மிதக்கும் அடுக்கை நிலைநிறுத்தும் கட்டளைக்குக் கிம்ப்பில் அந்தப் படமே உண்டு.

அதனால்தான் 'கொளுவு'. இலங்கை நண்பர்களுக்கு அன்றாடச் சொல். சட்டையை ஆணியில் கொளுவுவார்கள். கொள் என்பதன் வழி வந்ததால் ளகரமே சரி என்று நினைக்கிறேன், 'கொழுவு' என்று எழுதும் வழக்கம் இருந்தாலும். தமிழ்நாட்டில் கொக்கியைக் 'கொளுக்கி' என்று சொல்லக் கேட்டவர்களுக்கு இது அந்நியமாக இராது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது வினைத்தொகை. 'கொளுவு பலகம்' என்றால் கொளுவிய, கொளுவுகின்ற, கொளுவும் பலகம், மூன்றும் அடங்கிவிடும். ஊறுகாய் என்பதை 'ஊறக்கூடிய காய்' என்று நீட்டுகிறோமா? 'டாக்கபிள் டயலாக்ஸ்' என்பதை அப்படியே பெயர்த்த 'கொளுவக்கூடிய உரையாடல் பெட்டிகள்' பக்கப் பலகத்தின் தலைப்பில் வந்தால், எழுத்துகளுக்கு இடம் விட்டுப் பலகம் அகலும், படம் வரையும் இடம் குறுகும். சின்ன மடிக்கணினியில் இது நேரடியான இழப்பு. உரையாடல் என்பதும் இங்கே பொருந்தவில்லை. அடுக்குகள் பலகம் யாரோடும் உரையாடுவதில்லை.

கீற்றின் பக்கத்திலுள்ள சிறு முக்கோணத்தைச் சொடுக்கினால் வரும் வரிகளையும், சாளரங்கள் பட்டியலையும் இப்படி எழுதிப் பார்த்தேன்:

கொளுவு பலகங்கள்
அண்மையில் மூடிய கொளுவிகள்
கொளுவிகளை மறை
கீற்றைக் கழற்று
கீற்றைக் கொளுவியோடு பூட்டு

'கொளுவி' என்பது பலகங்கள் தொங்கும் இடம், அதாவது டாக். இந்த ஐந்து வரிகளையும் தாளில் எழுதி வகுப்பில் காட்டினேன். இரண்டு பிள்ளைகள் 'கொளுவு' என்றால் என்னவென்று கேட்டார்கள். கதவுக் கொக்கியைக் காட்டியதும் புரிந்துகொண்டார்கள். 'கொளுத்து' என்று ஒருவன் படித்தான், அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

இலங்கை நண்பர்களிடம் ஒரு கேள்வி. 'கொழுவுப்படுதல்', 'கொழுவல்' என்றால் அங்கே சண்டை பிடிப்பது என்றும் பொருள் உண்டல்லவா? அதனால்தான் 'கொளுவல்' என்ற வடிவத்தைத் தவிர்த்தேன். 'கொளுவி' என்று திரையில் பார்க்கும்போது உங்களுக்குச் சண்டை நினைவு வருகிறதா, ஆணி நினைவு வருகிறதா? உங்கள் பதில் வரும்வரை நம் மொழிபெயர்ப்புப் பட்டியலில் இந்தச் சொல்லை ஏற்ற மாட்டேன். 'கழற்று' என்பதை மட்டும் இன்றிரவே ஏற்றிவிடுகிறேன்.