சமவாய்ப்பு மையத்துக்குப் புகாரே வராதது குறித்து ஓர் ஐயம்

கேள்வி: உதவிப் பேராசிரியர், மதுரை மாவட்டம்

மதுரைக்கு வெளியே உள்ள ஒரு கலை அறிவியல் கல்லூரியில் பணிபுரிகிறேன். சென்ற கல்வியாண்டில் பாகுபாடு பற்றிய புகார்களை வாங்கும் எங்கள் சமவாய்ப்பு மையத்தின் உறுப்பினர்களுள் ஒருவராக என்னையும் சேர்த்தார்கள். ஆண்டு முழுவதும் ஒரு புகாரும் வரவில்லை. நம் கல்லூரியில் பாகுபாடே இல்லை என்பதற்கு அதையே சான்றாக நிர்வாகக் கூட்டத்தில் காட்டினார்கள். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழுவுக்கான கோப்பிலும் அவ்வாறே எழுதியாயிற்று.

எனக்கு அதில் உடன்பாடில்லை. முதலாமாண்டு வகுப்பின் முதல் நாளில் ஒவ்வொரு மாணவரையும் எழுப்பிப் பெயரையும் ஊரையும் கேட்டு, அது போதாமல் "ஊருக்குள்ளேயா, காலனியா?" என்றும் கேட்கும் ஆசிரியர்கள் எங்களிடம் இருக்கிறார்கள். நம் பக்கத்தில் அந்தக் கேள்விக்கு என்ன பொருள் என்பது கேட்பவருக்கும் தெரியும், எழுந்து நிற்பவருக்கும் தெரியும். சுட்டிக்காட்டினால், அறிமுகத்துக்காகத்தான் கேட்டேன் என்கிறார்கள். இதைப் புகாராக எடுத்துக்கொள்ள விதியில் இடமுண்டா? மாணவர்கள் மையத்தை நாடாததற்கு என்ன காரணம்?

மறுமொழி: வழக்கறிஞர், மதுரை

இடமுண்டு. உயர்கல்வி நிறுவனங்களில் சமத்துவத்தை வளர்ப்பதற்காகப் பல்கலைக்கழக மானியக் குழு 2012-இல் வெளியிட்ட விதிமுறைகளை ஒருமுறை முழுமையாகப் படித்துப் பாருங்கள். மாணவரின் சாதி, மதம், வட்டாரம் ஆகியவற்றை வகுப்பில் வாய்மொழியாகவோ வேறு வகையிலோ அறிவிப்பதும், இடஒதுக்கீட்டில் வந்தவர் என்று முத்திரை குத்துவதும், படிப்பில் பின்தங்கியதற்குச் சாதியைக் காரணமாகச் சொல்வதும் அவற்றில் வெளிப்படையாகவே குறிப்பிடப்பட்டுள்ளன. ஒரு மாணவரைக் கொண்டே அவர் குடியிருக்கும் தெருவை வகுப்பில் சொல்லவைப்பது "வேறு வகை" என்பதற்குள் அடங்கும் என்பதே என் கருத்து. புகார் வந்த 60 நாள்களுக்குள் பாகுபாடு தடுப்பு அலுவலர் முடிவு சொல்லவேண்டும். அதில் நிறைவில்லாதவர் 90 நாள்களுக்குள் கல்லூரி முதல்வரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர் ஒருவரைப் பிறர் முன்னிலையில் சாதிப் பெயர் சொல்லித் திட்டினால், அது 1989 ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வரும் குற்றம். 2018 திருத்தத்துக்குப் பிறகு முதல் தகவல் அறிக்கை பதிவு செய்ய முன்விசாரணை தேவையில்லை. ஆகவே கல்லூரி விசாரணை முடியட்டும் என்று காவல் நிலையம் காத்திருக்க வேண்டியதும் இல்லை. நான் பார்த்தவரை, பல கல்லூரிகள் தவறுவது இங்கேதான்: இரு தரப்பையும் முதல்வர் அறைக்கு அழைத்து, மன்னிப்புக் கடிதம் ஒன்றை வாங்கிவைத்துக்கொண்டு, சமரசம் ஆயிற்று என்று கோப்பை மூடிவிடுகிறார்கள்.

மறுமொழி: முன்னாள் மாணவர், பேரையூர்ப் பக்கம்

பேராசிரியர் அவர்களுக்கு வணக்கம். நான் படித்தது வேறொரு கல்லூரியில். பத்தாண்டுகளுக்கும் மேல் ஆகிறது. ஏன் புகார் தரவில்லை என்று கேட்டீர்கள். என்னவென்று எழுதுவது என்று தெரியாததுதான் முதற் காரணம்.

எங்கள் கல்லூரியில் கல்வி உதவித்தொகைப் பட்டியலைப் பெயர், வகுப்பு, சாதி என்ற மூன்று கட்டங்களோடு, சைக்கிள் நிறுத்தும் கொட்டகைக்கு எதிரிலிருந்த பலகையில் ஒட்டுவார்கள். அதுவரை என் டிபன் பாக்ஸில் உரிமையோடு கைவைத்துத் தின்ற நண்பன், பட்டியல் ஒட்டிய மறுநாள் சாப்பிட வேறு மரத்தடிக்குப் போய்விட்டான். அவன் என்னை ஒரு சொல்லும் திட்டவில்லை. கண்ணில் பட்டால் சிரிக்கக்கூடச் செய்தான். பட்டியலை ஒட்டிய எழுத்தருக்கும் என்மீது எந்தப் பகையும் கிடையாது. யார்மீது புகார் எழுதுவது?

அப்படியே எழுதினாலும், புகார்ப் பதிவேடு இருந்தது முதல்வர் அறையில். வாசலில் இருக்கும் உதவியாளர் "என்ன விஷயம்?" என்று கேட்பார், அவரைத் தாண்டி உள்ளே போனால், புகாரை வாங்கிக்கொள்பவர் எங்கள் துறைத்தலைவர். 25 மதிப்பெண் அகமதிப்பீடு அவர் கையில் இருந்தது. நான் தங்கியிருந்தது ஆதிதிராவிடர் நல விடுதி என்பதால், முகவரியை எழுதியதுமே என்னைப் பற்றிய எல்லாம் தெரிந்துவிடும். 2025-இல் அரசு விடுதிகளுக்குச் சமூகநீதி விடுதி என்று ஒரே பெயர் வைத்ததைப் படித்தபோது, என் காலத்தில் வராமற்போயிற்றே என்றுதான் நினைத்தேன்.

நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரைச் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டிய நிகழ்வுக்குப் பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024-இல் கொடுத்த அறிக்கைக்குப் பிறகு, சாதியைக் காட்ட மாணவர் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், அது தேவைதான். கயிறு கட்டாத என் சாதியை ஊரறியச் செய்தது கல்லூரி அலுவலகம்.

மறுமொழி: கல்லூரி அலுவலகக் கண்காணிப்பாளர்

தம்பி சொல்வதை மறுக்க மாட்டேன். ஆனால் நாங்கள் ஏன் ஒட்டினோம் என்பதையும் கேளுங்கள். வருமானச் சான்றிதழ் வராது, வங்கிக் கணக்கோடு ஆதார் இணைந்திருக்காது, விண்ணப்பிக்கும் கடைசி நாள் வந்துவிடும்; அந்த மாணவருக்குப் பணம் போகாவிட்டால் பெற்றோர் வந்து நிற்பது எங்கள் மேசை முன்னால். அந்தப் பதற்றத்தில் ஒட்டியதுதான். யாரையும் காட்டிக்கொடுக்க ஒட்டியதில்லை. இப்போது எல்லா உதவித்தொகைகளையும் ஒரே பட்டியலாக்கி, தலைப்பில் திட்டத்தின் பெயர் இல்லாமல், சேர்க்கை எண்ணை மட்டும் போடுகிறோம். குறையுள்ளவர்களுக்குத் தனித்தனியாகக் கைப்பேசியில் சொல்லிவிடுகிறோம். எங்களுக்கு இரண்டு நாள் வேலை கூடியது, அவ்வளவுதான். வகுப்பறைக்குள் தலையை நீட்டி "எஸ்.சி. ஸ்காலர்ஷிப் பசங்க ஆபீசுக்கு வாங்க" என்று அழைக்கும் வழக்கத்தை மட்டும் இன்னும் முழுமையாக நிறுத்த முடியவில்லை.

மறுமொழி: கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. பட்டியலை மாற்ற முதல்வர் உடனே இசைந்தார். புகாரை மாணவரின் சொந்தத் துறையைச் சேர்ந்தவர் வாங்கக்கூடாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதற்கு இன்னும் பதில் வரவில்லை. ஊர் கேட்கும் வழக்கத்தைப் பற்றிப் பேசியபோது, "அதெல்லாம் பழக்கதோஷம் அம்மா" என்று சிரித்துவிட்டார். ஒன்று கேட்கவேண்டும்: எழுதித் தர அஞ்சி, பேசிவிட்டு மட்டும் போகும் மாணவர் சொன்னதைப் பதிவேட்டில் எப்படிக் குறிப்பது?

மறுமொழி: வழக்கறிஞர், மதுரை

நாள், இடம், நடந்தது ஆகிய மூன்றையும் அவர் சொன்ன சொற்களிலேயே எழுதிவையுங்கள். அவர் இசைந்தாலன்றிப் பெயரை எழுதாதீர்கள். ஒரே வகுப்பைப் பற்றி நான்கு குறிப்புகள் சேர்ந்துவிட்டால், அவற்றை மையத்தின் கூட்டத்தில் பொருளாக வைத்துப் பேச எந்த மாணவரின் கையெழுத்தும் வேண்டியதில்லை.