பழைய சோலாரிஸ் மிஷின்: பிங் போகுது, ஃபைல் போகல

மக்களே ஒரு உதவி. சன் அல்ட்ரா 5னு ஒரு பழைய கம்ப்யூட்டர், ஓஎஸ் சோலாரிஸ் 8, அதுல ஒரு டேட்டாபேஸ் இன்னும் உயிரோட இருக்கறதால தூக்கிப் போடவும் முடியல. நெட்வொர்க் சுவிட்ச் மாத்துனதுல இருந்து பிங் (மிஷின் பதில் சொல்லுதான்னு பாக்கற சின்ன டெஸ்ட்) அடிச்சா டக்குனு பதில் வருது, டெல்நெட்டும் (நெட்வொர்க் வழியா லாகின் பண்றது) ஓகே, ஆனா எஃப்டிபில பெரிய ஃபைல் போட்டா கொஞ்ச தூரம் ஓடிட்டு அப்படியே இழுக்குது. கேபிள் மாத்திப் பாத்தாச்சு. நெட்ஸ்டாட் கமாண்ட்ல ஹெச்எம்இ0க்கு, அதாவது மிஷினோட நெட்வொர்க் போர்ட்டுக்கு, இன்புட் எரர் மட்டும் ஏறிக்கிட்டே போகுது.

ஈடிசி சிஸ்டம் ஃபைல்ல எந்தப் புண்ணியவானோ ஆட்டோநெகோசியேஷனை (ரெண்டு பக்கமும் ஸ்பீடை தானா பேசி முடிவு பண்றது) ஆஃப் பண்ணி 100 எம்பிபிஎஸ் ஃபுல் டூப்ளெக்ஸ்னு (ஒரே நேரத்துல அனுப்பவும் வாங்கவும் முடியும்) கட்டி வச்சிருக்கார், புது சுவிட்ச் ஆட்டோலதான் இருக்கு, அதுல செட்டிங் மாத்த வழியே இல்ல, அப்போ சுவிட்ச் ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு (ஒரு நேரத்துல ஒரு பக்கம் மட்டும்) இறங்கியிருக்கும்னு நினைக்கிறேன். என்டிடி (ndd, ஓடிட்டிருக்கும்போதே நெட்வொர்க் செட்டிங் மாத்தறது) கமாண்ட்ல மிஷின் பக்கம் ஆட்டோவை ஆன் பண்ணா ரீபூட் இல்லாம சரியாகுமா, இல்ல லிங்க் போய்டுமா? மானிட்டர் செத்துப் போச்சு, டெல்நெட்லயே உக்காந்துதான் பண்ணணும். செஞ்சு பாத்தவங்க யாராச்சும் சொல்லுங்களேன்.