108 ஊழியர்களுக்குத் துப்பாக்கி வேண்டுமா? காரைக்குடி வட்டாரத்து நண்பர்கள் சொல்லுங்கள்

சிராவயல் சிப்பாய்:
2025 ஆகஸ்டில் துறையூரில் அரசியல் கூட்டத்துக்கு நடுவே வந்த 108 வண்டி ஊழியர்களைக் கூட்டம் அடித்தது நினைவிருக்கும். கண்டனம், வழக்கு, அதோடு சரி. நான் ராணுவ மருத்துவப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். ஒளிக்காமல் சொல்கிறேன்: பயிற்சியும் உரிமமும் கொடுத்து, ஆம்புலன்ஸ் ஊழியரின் இடுப்பில் ஒரு கைத்துப்பாக்கி இருக்கட்டும். தன்னையும் தன் பொறுப்பில் இருக்கும் காயம்பட்டவரையும் காக்க மருத்துவப் பணியாளர் ஆயுதம் வைத்திருக்கலாம் என்று 1949 முதலாம் ஜெனீவா ஒப்பந்தத்தின் 22ஆம் பிரிவே அனுமதிக்கிறது. போர்க்களத்தில் சரி என்றால் கல்லல் சாலையில் இரவு இரண்டு மணிக்கு ஏன் தவறு? வண்டியில் இருப்பது இரண்டே பேர். ஒருவர் ஓட்டுநர். மற்றவர் பல நேரம் பெண்.

பள்ளத்தூர் வண்டி:
அண்ணே, வணக்கம். நான் 108இல் மருத்துவ உதவியாளர். எங்களை அடிப்பவர் யார் என்று முதலில் பாருங்கள். பாதி நேரம் அது நோயாளியேதான். சர்க்கரை தாழ்ந்தவர், வலிப்பு வந்து தெளியாதவர், தலையில் அடிபட்டவர், குடித்திருப்பவர்.

சென்ற மாதம் ஒரு பெரிய வீட்டுக்கு அழைப்பு வந்தது. முகப்பைத் தாண்டி, வளவைத் தாண்டி, இரண்டாம் கட்டில் கிடந்தார் பெரியவர். நிலைப்படிக்கு நிலைப்படி ஸ்ட்ரெச்சரைத் தூக்கித் தூக்கி உள்ளே கொண்டுபோனோம். அவருக்குச் சட்டை முழுக்க வியர்வை, பல்லைக் கடித்துக்கொண்டு கையை வீசுகிறார். என் கன்னத்தில் விழுந்த அறையில் கண்ணாடி தூண் ஓரம் போய் விழுந்தது. ஊசி ஏற்ற இரண்டு பேர் கையைப் பிடிக்க வேண்டியிருந்தது. குளுக்கோஸ் இறங்கிச் சற்று நேரத்தில் கண்ணைத் திறந்தவர், "நீங்கள் யாரப்பா? காபி சாப்பிட்டீர்களா?" என்று கேட்டார். அப்போது என் இடுப்பில் துப்பாக்கி இருந்திருந்தால் அது யார் கைக்குப் போயிருக்கும்?

சிராவயல் சிப்பாய்:
உறை என்று ஒன்று இருக்கிறது தம்பி. பூட்டுள்ள உறையில் இருந்து அடுத்தவன் சட்டென்று உருவிவிட முடியாது. நான் சொல்வது நோயாளியைப் பற்றி அல்ல. விபத்து நடந்த இடத்தில் "ஏன் இவ்வளவு தாமதம்" என்று கதவைப் பிடித்து இழுக்கிறானே, அவனைப் பற்றி.

கோர்ட்டுத் தெரு:
வக்கீலாகச் சிலவற்றைச் சொல்கிறேன். மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் தண்டிக்கத் தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டின் 48ஆம் சட்டம் இருக்கிறது. குறைந்தது 3 ஆண்டு, அதிகம் 10 ஆண்டு சிறை. சட்டத்துக்குப் பஞ்சமில்லை, தண்டனை வரை போகும் வழக்குக்குத்தான் பஞ்சம். அடித்தவனும் அடிபட்டவனும் அடுத்தடுத்த ஊர்க்காரர்களாக இருப்பார்கள். ஊர்ப் பெரியவர்கள் வந்து உட்காருவார்கள், சமாதானம் ஆகிவிடும்.

துப்பாக்கிக்கு வருவோம். 108 ஊழியர் அரசு ஊழியர் அல்ல. அரசுக்காக ஒரு நிறுவனம் நடத்துகிறது, இவர்கள் அதன் பணியாளர்கள். ஆகவே காவலருக்குத் தருவதுபோல் அரசுத் துப்பாக்கி தந்துவிட முடியாது. 1959 ஆயுதச் சட்டப்படி ஒவ்வொருவரும் உரிமம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். காவல்துறை விசாரித்து அறிக்கை தரும், பிறகு ஆட்சியர் முடிவு செய்வார். தற்காப்பு உரிமை பாரதிய நியாய சன்ஹிதாவில், அதாவது பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டத்தில், இருக்கிறது, மறுக்கவில்லை. உயிர்ப்போக்கு, கொடுங்காயம், பாலியல் வன்முறை, கடத்தல், ஆசிட் வீச்சு போன்றவற்றுக்கு நியாயமான அச்சம் இருந்தால்தான் அது எதிராளியைக் கொல்லும் அளவுக்குப் போகலாம். கதவைப் பிடித்து இழுப்பவனைச் சுட்டால் கொலை வழக்கில் நிற்பது உங்கள் ஊழியர்தான்.

கொப்புடையாள்:
துப்பாக்கி உரிமம் என்றதும் எங்கள் மாமனார் நினைவு வந்துவிட்டது. ரெட்டைக்குழல் ஒன்று வைத்திருந்தார். தேர்தல் அறிவித்தால் ஸ்டேஷனில் ஒப்படைப்பதும் முடிந்ததும் வாங்கி வருவதும்தான் அது பார்த்த வேலை.

என் இளைய மகன் டெக்சாஸில் இருக்கிறான். அந்த மாநிலத்தில் சின்ன ஊர்களின் அவசரகால ஊழியர்கள் பயிற்சி பெற்றுத் துப்பாக்கி வைத்துக்கொள்ள 2021இல் சட்டம் வந்தது. அங்கே வீட்டுக்கு வீடு துப்பாக்கி, உள்ளே போகிற ஊழியருக்கும் பயம் இருக்கும். அப்படியும் அந்த நாட்டு ஆம்புலன்ஸ் நிறுவனங்களில் பெரும்பாலானவை வேலைக்குத் துப்பாக்கி கொண்டுவரக் கூடாது என்றே விதி வைத்திருக்கின்றன. 2012 கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் நியூயார்க் மாநிலத்து வெப்ஸ்டரில் ஒருவன் தீ வைத்துவிட்டு, அணைக்க வந்தவர்களை மறைந்திருந்து சுட்டான். இரண்டு பேர் இறந்தார்கள். இறங்கும்போதே குண்டு வந்தால் இடுப்பில் இருப்பது எதற்கு உதவும்?

சிராவயல் சிப்பாய்:
ஆச்சி, மறைந்திருந்து சுடுபவனிடம் போலீஸும்தான் சாகிறது. அதற்காகப் போலீஸ் துப்பாக்கியைப் பிடுங்கிவிடுவோமா? 2023 மே 10 அன்று கேரளத்தில் கொட்டாரக்கரை தாலுகா மருத்துவமனையில் என்ன நடந்தது? சிகிச்சைக்காகப் போலீஸே கூட்டிவந்த ஆள் ஒரு பயிற்சி மருத்துவரைக் குத்திக் கொன்றான். போலீஸ் வரும், காப்பாற்றும் என்பார்கள், போலீஸ் அங்கேயேதான் இருந்தது.

பள்ளத்தூர் வண்டி:
எதைக் கொண்டு குத்தினான் என்பதையும் சொல்லுங்கள் அண்ணே. ஆஸ்பத்திரிக் கத்தரிக்கோல். கட்டுப்போடும் இடத்தில் கைக்கு எட்டியது. நான் சொல்வதும் அதுதான். நாங்கள் வேலை செய்யும் இடத்தில் எங்களுக்கும் நோயாளிக்கும் ஒரு முழ இடைவெளிகூட இல்லை. ஸ்ட்ரெச்சருக்கும் பெஞ்சுக்கும் நடுவே மண்டியிட்டு, ஒரு கையால் முகமூடியை அழுத்திக்கொண்டு மறு கையால் காற்றுப் பையை அமுக்குகிறேன். வண்டி குலுங்குகிறது. என் இடுப்பு அவர் கைக்கு நேராக இருக்கிறது. பூட்டுள்ள உறையானாலும் அதைக் காக்க ஒரு கை வேண்டும், எனக்கு மூன்றாவது கை கிடையாது. பக்கத்தில் ஆக்சிஜன் சிலிண்டர் வேறு.

வேடிக்கை பார்ப்பவன்:
மஞ்சுவிரட்டில் மாட்டைச் சுட உதவும்.

சிராவயல் சிப்பாய்:
விளையாட்டு வேண்டாம். எங்கள் ஊர் மஞ்சுவிரட்டுக்கு எத்தனை ஆம்புலன்ஸ் வந்து நிற்கின்றன தெரியுமா? கூட்டத்தில் பாதி தண்ணி போட்டிருக்கும்.

பள்ளத்தூர் வண்டி:
அங்கே நின்றிருக்கிறேன் அண்ணே. வயிற்றில் குத்துப்பட்டவனைத் தூக்கிவந்து தருவது அந்தக் குடித்த கூட்டம்தான். சைரன் கேட்டால் அதே கூட்டம்தான் வழியும் விடுகிறது. எங்களை யாரும் எதிராளியாக நினைப்பதில்லை, நினைக்கிற நாள் வந்தால் துப்பாக்கி போதாது.

எனக்கு வேண்டியது வேறு. அமெரிக்காவில் வெட்டுக்குத்து என்று அழைப்பு வந்தால், போலீஸ் போய்ச் சரி சொல்லும்வரை ஆம்புலன்ஸ் இரண்டு தெரு தள்ளி நிற்கும். இங்கே அப்படி நின்றால் "வேண்டுமென்றே தாமதம்" என்று புகார் வரும், விளக்கம் கேட்பார்கள். மருத்துவம், போலீஸ், தீயணைப்பு மூன்றுக்கும் 108இல் அழைப்பை எடுக்கிறார்கள். அடிதடி என்று காதில் விழுந்ததும் வண்டிக்குச் சொல்லும் அதே நொடியில் ஸ்டேஷனுக்கும் சொல்லட்டும். தள்ளி நிற்பது எங்கள் உரிமை என்று எழுத்தில் கொடுக்கட்டும்.

கோர்ட்டுத் தெரு:
இது நடக்கக் கூடியது. இதற்குப் புதுச் சட்டம்கூட வேண்டாம், ஒரு சுற்றறிக்கை போதும்.

கொப்புடையாள்:
தள்ளி நிற்கும் நேரத்தில் உள்ளே ஒருவன் ரத்தம் போய்ச் செத்தால்? அதற்கும் பதில் சொல்ல வேண்டும் தம்பி.

பள்ளத்தூர் வண்டி:
அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை ஆச்சி. உள்ளே போய் நாங்களும் விழுந்தால் அவனைத் தூக்க யாரும் இருக்க மாட்டார்கள் என்பது மட்டும் தெரியும்.

சிராவயல் சிப்பாய்:
ஸ்டேஷனில் இரவுப் பணியில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், பிறகு சுற்றறிக்கை பேசுவோம். சரி, துப்பாக்கியை விடுகிறேன் என்றே வையுங்கள். திருவிழா நாளிலும் தேர்தல் நாளிலும் வண்டிக்கு ஒரு ஊர்க்காவல் படை ஆளை ஏற்றுங்கள்.

பள்ளத்தூர் வண்டி:
நோயாளியோடு ஒரு உறவினரை ஏற்றுவோம், மிஞ்சினால் இருவர். அந்த இடத்தில் ஊர்க்காவலர் உட்கார்ந்தால் மகன் எதில் வருவான்?

சிராவயல் சிப்பாய்:
பைக்கில் பின்னால் வரட்டும்.

பள்ளத்தூர் வண்டி:
அம்மா வண்டிக்குள் இருக்கிறாள் என்று அழுதுகொண்டே இருட்டில் எங்களைத் துரத்தி வருபவனைத்தான் அண்ணே திருமயம் சாலையில் அடிபட்ட பிறகு அடுத்த 108 வண்டி ஏற்றுகிறது.