கேன்வாஸ் பைக்கும் கோட்டுக்கும் மெழுகு ஏற்றுதல்: மடிப்பில் வெள்ளைக் கோடு, தையலில் கசிவு

குன்னூர்மழை:
வணக்கம். 12 அவுன்ஸ் (ஒரு சதுர கெஜத்தின் எடை) பருத்தி கேன்வாஸில் தைத்த ஒரு டூல் பை, அதே துணியில் ஒரு கோட்டு. மழையில் குழாய் வேலைக்குப் போகும்போது பயன்படுத்துபவை. சாதாரண வெள்ளை மெழுகுவர்த்தியைத் தேய்த்து, ஹேர் ட்ரையரால் உருக்கிவிட்டேன். இப்போது மடிகிற இடமெல்லாம் வெள்ளைக் கோடு விழுகிறது. துணியின் மேல் தண்ணீர் உருண்டு ஓடுகிறது, ஆனால் தையல் வழியாக உள்ளே கசிகிறது. மேட்டுப்பாளையம் இறங்கி வெயிலில் வண்டியை நிறுத்தினால் பை பிசுபிசுக்கிறது. மெழுகை மாற்ற வேண்டுமா, முறையை மாற்ற வேண்டுமா? தேங்காய் எண்ணெய் கலந்தால் மெழுகில் வெடிப்பு விழாது என்கிறார்களே, சரியா?

ஊசிநூல்:
இரண்டையும் மாற்றுங்கள். ஆனால் முதல் தப்பு சூட்டில்தான் இருக்கிறது. 12 அவுன்ஸ் துணி நல்ல தடிமன். ஹேர் ட்ரையர் சூடு மேலாப்பில் மட்டும் மெழுகை இளக்கும், அது பால் ஏடு மாதிரி மேலேயே உறைந்துவிடும். மடித்தால் அந்த ஏடு உடைகிறது, வெள்ளைக் கோடு அதுதான். மெழுகு நூலுக்குள் இறங்கினால் துணி நனைந்தது போல் நிறம் கருக்கும். வெளுத்துத் தெரிகிற இடத்தில் இன்னும் இறங்கவில்லை என்று அர்த்தம்.

முதலில் இருப்பதை எடுங்கள். காக்கித் தாளை மேலும் கீழும் வைத்து இஸ்திரி போட்டால் மேல் ஏடு தாளில் ஏறிவிடும். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும்.

கலவை: தேன்மெழுகு 2 பங்கு, பாரஃபின் (வெள்ளை மெழுகுவர்த்தியின் மெழுகு) 1 பங்கு. பாரஃபின் மட்டும் என்றால் மொறுமொறுப்பாகி உடையும், தேன்மெழுகு மட்டும் என்றால் ஒட்டும். துணியின் எடையில் கால் பங்கு மெழுகு போதும் என்பது என் கணக்கு. கோட்டு 1 கிலோ என்றால் 250 கிராம். பூசுவதற்கு முன்னும் பின்னும் தராசில் வைத்துப் பாருங்கள், கண்ணால் பார்த்து அளவு சொல்ல முடியாது.

உருக்குவது எப்போதும் கொதிநீருக்குள் வைத்த டின்னில்தான். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியிலேயே உருகிவிடும், நேரடித் தீ தேவையே இல்லை. மெழுகு தீப்பிடித்தால் மூடி போட்டு அணையுங்கள். தண்ணீர் ஊற்றவே கூடாது, தீ தெறித்துப் பரவும். மிச்சத்தைச் சிங்க்கில் கொட்டாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும்.

துணியும் சூடாக இருக்க வேண்டும். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆறிய துணியில் பிரஷ் பட்டதுமே மெழுகு உறைந்துவிடும். மதிய வெயிலில் தகரத்தின் மேல் விரித்து அரை மணி நேரம் காயவிடுங்கள். பிறகு 2 அங்குலப் பன்றிமுடி பிரஷ்ஷால் ஒரு சாண் ஒரு சாணாகப் பூசி, பழைய பருத்தித் துணியை மேலே போட்டு, நடுத்தரச் சூட்டில் இஸ்திரி போடுங்கள். ஈரப் பளபளப்பு போய் ஒரே கருப்பாக வரும்வரை அந்த இடத்தை விட்டு நகராதீர்கள், ஆனால் பெட்டியை ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஓட்டுங்கள். மிஞ்சியதைச் சூட்டோடு சூடாகத் துடையுங்கள். ஜிப், பிளாஸ்டிக் பக்கிள் பக்கம் இஸ்திரி போகக்கூடாது. ஒரு நாள் தொங்கவிட்டுப் பிறகு எடுங்கள்.

புதுத் துணியில் செய்கிறவர்களுக்கு: கஞ்சி போகும்வரை வெந்நீரில் அலசுங்கள், மென்மையாக்கும் திரவம் எதுவும் சேர்க்காதீர்கள். முழுதாகக் காய்ந்த பிறகே மெழுகு. உள்ளே ஈரம் அகப்பட்டால் பூஞ்சணம் பிடிக்கும்.

ஆளிவிதை:
தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். அது காயாத எண்ணெய். மெழுகை இன்னும் இளக்கி, உங்கள் பிசுபிசுப்பைக் கூட்டும். கொஞ்ச நாளில் சிக்கு வாடை வரும், பூஞ்சணத்துக்கும் தீனி.

மெழுகு வளைந்து கொடுக்க வேண்டுமென்றால் பெயிண்ட் கடையில் கிடைக்கும் லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) சரி. அது காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்து இறுகும். பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாதீர்கள். ஒரு எச்சரிக்கை: இறுகும்போது அது சூட்டை வெளிவிடும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே தீப்பிடிக்கும். வெளியில் விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

வெயில் ஊருக்கு நான் எண்ணெயே சேர்க்கமாட்டேன். அதற்குப் பதில் கார்னாபா மெழுகு (ஒரு வகைப் பனை இலையில் எடுக்கும் கடினமான மெழுகு) நூற்றுக்கு 5 பங்கு சேர்க்கலாம். அது உருக 82 டிகிரிக்கு மேல் வேண்டும், அதனால் மேற்பரப்பு இறுகும். கூடிப்போனால் மறுபடி உடையும்.

குன்னூர்மழை:
நன்றி. ஒரு மூலையில் சிறு இடத்தை மட்டும் இஸ்திரி போட்டுப் பார்த்தேன், நிறம் கருத்துவிட்டது, மடித்தாலும் கோடு இல்லை. தையலை என்ன செய்வது?

ஊசிநூல்:
ஊசித் துளை நூலைவிடப் பெரியது. பருத்தி நூல் நனைந்தால் ஊதி ஓரளவு அடைக்கும், பாலியஸ்டர் நூல் ஊதாது. கோட்டை உட்புறம் வெளியே திருப்பி, கட்டி மெழுகைத் தையல் நெடுக இருபுறமும் அழுத்தித் தேயுங்கள். ஹீட் கன் (சூடான காற்று வீசும் கருவி) காட்டி, உருகியதும் கரண்டியின் முதுகால் அழுத்தி நீவுங்கள். இரண்டு முறை. இனி புதிதாகத் தைத்தால், செருப்புத் தைப்பவர் செய்வது போல் நூலையே மெழுகுக் கட்டியில் இழுத்துப் பிறகு ஊசியில் கோத்துக்கொள்ளுங்கள்.

பை வார் அழுத்தும் தோளில் இதற்குப் பிறகும் ஈரம் ஏறலாம். மெழுகுத் துணி தண்ணீரை உருட்டிவிடும், அழுத்தத்தைத் தாங்காது. அந்த இடத்தில் இன்னொரு மடிப்புத் துணி வைத்துத் தையுங்கள்.

படிகாரம்:
ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை. வெல்டிங், கிரைண்டர் வேலைக்கு இந்தக் கோட்டைப் போடாதீர்கள். பொறி பட்டால் மெழுகேறிய பருத்தி திரி மாதிரி எரியும்.

சட்டை, கால்சட்டைக்கு மெழுகு வைத்தால் வியர்வை உள்ளேயே நிற்கும். அவற்றுக்குப் பழைய சோப்பு-படிகார முறை மேல். 7 லிட்டர் வெந்நீரில் 450 கிராம் துணி சோப்பைச் சீவிக் கரைத்து, துணியை ஊறவைத்துப் பிழிந்து, அரைகுறையாகக் காயவிடுங்கள். பிறகு 7 லிட்டர் வெந்நீரில் 225 கிராம் படிகாரம் கரைத்து, அதில் ஊறவைத்துக் காயப்போடுங்கள். இரண்டும் சேர்ந்து நீரில் கரையாத அலுமினிய சோப்பாக நூலுக்குள் படியும், துணிக்குக் காற்றோட்டமும் இருக்கும். டிடர்ஜென்ட் பட்டையில் இது நடக்காது, கொழுப்பில் காய்ச்சிய நிஜ சோப்பு வேண்டும். ஏற்கெனவே மெழுகேறிய துணியிலும் பிடிக்காது.

கோட்டையும் பையையும் மெஷினில் போடாதீர்கள். சோப்போ வெந்நீரோ காட்டாமல் ஈரத்துணியால் துடைத்தால் போதும். முழங்கை, பாக்கெட் வாய், பையின் அடிப்பக்கம் முதலில் தேயும். ஜூனுக்கு முன்னால் ஒருமுறை, அக்டோபருக்கு முன்னால் ஒருமுறை ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உருளாமல் ஊறினால் அந்த இடத்துக்கு மட்டும் மெழுகு தேய்த்து இஸ்திரி போடுங்கள்.